பதிலுக்கு இடம்விட்டு எழுதிய கடிதம்

கோவளத்தைத் தாண்டித் தெற்கே போனால் கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாகவே திருவிடந்தை வந்துவிடும். நித்திய கல்யாணப் பெருமாள் ஊர். காலவ முனிவருக்கு 360 பெண்கள் என்றும், நாளுக்கு ஒருத்தியாக அத்தனை பேரையும் மணந்து கடைசியில் எல்லோரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் வைத்துக்கொண்டார் வராகப் பெருமாள் என்றும் தலபுராணம் சொல்கிறது. கல்யாணம் தள்ளிப்போகும் பிள்ளைகளைப் பெற்றோர் இங்கே அழைத்து வருகிறார்கள். அர்ச்சகர் கொடுக்கும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வரவேண்டும். மாலையை வீட்டில் பத்திரப்படுத்தி வைத்து, திருமணம் ஆனதும் அந்தப் பழைய மாலையோடும் துணையோடும் திரும்ப வந்து சேவிக்க வேண்டும்.

மாலையோடு சுற்றும் பிள்ளைகள் பெரும்பாலும் தலை நிமிர்வதில்லை. பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாவற்றையும் அம்மாவோ அப்பாவோ சொல்லிவிடுகிறார்கள். யாரையாவது மனத்தில் வைத்துக்கொண்டு சுற்றுகிறதா என்று அந்தப் பிள்ளையைக் கேட்பவர் இல்லை. இது இன்று நேற்று வந்த வழக்கமும் அன்று. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் இந்தத் திருவிடந்தைப் பெருமாள்மேல் பாடிய பத்துப் பாட்டில் கடைசி ஒன்று நீங்க மற்றவையெல்லாம் ஒரு தாயின் வாக்கு. மகள் உறக்கம் கெட்டு உருகிப்போய்க் கிடக்கிறாள், இவளைப் பற்றி உன் மனத்தில் என்னதான் வைத்திருக்கிறாய் என்று தாய் பெருமாளிடம் பாட்டுக்குப் பாட்டு கேட்கிறாள். கேட்க வேண்டியவள் மகள். வாய் திறந்தவள் தாய்.

அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரம். 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்த ஊரில், பல்லவன் உளி பட்ட பாறைகளுக்குப் பக்கத்திலும் சில இடங்களில் அவற்றின் மேலேயும், ஆணியாலும் கூர்ங்கல்லாலும் கீறிய பெயர்களைப் பார்க்கலாம். இரண்டு பெயர், நடுவில் ஓர் இதயம், அதைத் துளைக்கும் அம்பு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம். அந்தச் சட்டம் சரியானது. ஆனாலும் அந்தப் பெயர்களின் முன் நிற்கும்போது கோபத்தோடு கூடவே ஓர் இரக்கமும் எனக்கு வருகிறது. அவற்றில் பல, அந்தப் பெயருக்கு உரியவளுக்கே தெரியாமல் எழுதப்பட்டவை என்றுதான் நினைக்கிறேன். ஆளிடம் சொல்ல நா எழாதவன் கல்லிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வருகிறவன் போகிறவன் எல்லாம் படிக்கும்படி எழுத முடிந்தவனால், படிக்க வேண்டிய ஒருத்திக்கு எழுத முடியவில்லை.

காதலைச் சொல்ல முடியாமல் தவிப்பது நமக்குப் பழைய நோய். அதற்கு ஒரு பழைய மருந்தும் இருந்தது: மடலேறுதல். பனைமடலால் குதிரை கட்டி, எருக்கம்பூவும் ஆவிரம்பூவும் சூடி, அவள் உருவத்தைத் துணியில் எழுதிக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்த்தெருவில் வருவேன் என்று தலைவன் அறிவிப்பான். பனைமடலின் கருக்கு உடலைக் கிழிக்கும். ஊர் சிரிக்கும். அதைப் பார்க்கச் சகியாமல் பெரியவர்கள் பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள் என்பது கணக்கு. திருக்குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, நாணுத் துறவுரைத்தல். பெண் மடலேறுவது மரபில்லை என்று தொல்காப்பியமும் குறளும் வரம்பு கட்டின.

அந்த வரம்பை உடைத்த பாட்டும் இந்தக் கரையோடு சேர்ந்தது. திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் மடலூரப் போகிறவள் ஒரு பெண். பெருமாளிடம் நெஞ்சைத் தூது அனுப்பினாள். போன நெஞ்சு திரும்பவில்லை. இனி ஊர் ஊராகப் போய் அவன் செய்ததையெல்லாம் தெருவில் சொல்லுவேன் என்று கிளம்புகிறாள். அவள் அடுக்கும் ஊர்களின் வரிசையில் கடல்மல்லை என்ற மாமல்லபுரம் வருகிறது, இடவெந்தை என்ற திருவிடந்தை வருகிறது, நீர்மலை என்ற திருநீர்மலை வருகிறது. மூன்றும் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கியவை. பத்துப் பாட்டில் தாயின் பின்னால் ஒளிந்திருந்த மகள், மடலில் தானே தெருவுக்கு வந்துவிட்டாள் என்று படிக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

அந்தச் சிலிர்ப்பு பெருமாள் மேல் பாடியது என்பதால் மட்டுமே நிலைக்கிறது. பெருமாளை மிரட்டலாம். அவருக்கு மானம் போகாது, படிப்பு நிற்காது, ஊர்வாய்க்கு அஞ்சி ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டியதும் இல்லை. தெருவில் நடமாடும் ஒரு மானிடப் பெண்ணின் முன் அதே மடலைக் கொண்டு நிறுத்தினால் அது வேறு சங்கதி. "நீ சம்மதிக்காவிட்டால் நான் கிழிந்து சாவேன், ஊர் உன்னைப் பார்க்கும்" என்பதுதான் அதன் பொருள். சங்கப் புலவர்கள் இதை எத்தனை அழகாகச் சொல்லியிருந்தாலும், மடல் என்பது கெஞ்சுவதுபோல் வந்து வற்புறுத்துவது என்ற முடிவுக்கே நான் வந்திருக்கிறேன். துரத்தித் துரத்தி வந்தால் ஒருநாள் கனிந்துவிடுவாள் என்று நம் சினிமா பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தது அந்த மடலின் மிச்சம்தான். மணிக்கட்டை அறுத்துக்கொண்டு படம் பிடித்து அனுப்புகிறானே, அவன் ஏறி வருவதும் பனங்கருக்குக் குதிரைதான்.

நம் இலக்கியத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. அது ஒரு கடிதம். சரியாகச் சொன்னால் இரண்டு கடிதங்கள். இரண்டையும் எழுதியவள் சிலப்பதிகாரத்து மாதவி.

புகார்க் கடற்கரையில் இந்திர விழா முடிந்த நாளில் மாதவியும் அவள் காதலன் கோவலனும் யாழை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். அவன் பாடியதைக் கேட்டு, இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவள் எண்ணினாள். பதிலுக்கு அவளும் வேறொருவனை நினைத்தவள்போலப் பாட, அவன் எழுந்து போய்விட்டான். இருவருமே மனத்தில் இருந்ததைச் சொல்லவில்லை. பாட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். ஒளித்த இடத்தில் மற்றவர் வேறொன்றைக் கண்டெடுத்தார். காதலில் பாதிச் சண்டை இப்படி வருவதுதான்.

பிறகு வேனில் வருகிறது. நிலா முற்றத்தில் மாதவி எழுத உட்காருகிறாள். தாழம்பூவின் வெண்தோட்டை எடுக்கிறாள். இந்தக் கரையோரத்தில் இன்றும் அங்கங்கே தாழம்புதர் உண்டு. விளிம்பெல்லாம் முள், உள்ளே தந்தத்தின் நிறம், நாள்பட்டாலும் போகாத மணம். அதில், பித்திகை மொட்டை எழுத்தாணியாக்கி, செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதுகிறாள். இளவேனில் முறை தெரியாத இளவரசன், நிலவோ நேர்மை இல்லாதது, பிரிந்தவர்மேல் மன்மதன் கணை தொடுப்பது புதிதில்லை, இதை நீங்கள் அறிந்தருள வேண்டும் என்பது செய்தியின் சாரம். பல பூக்களோடு சேர்த்துத் தொடுத்த அந்த மாலையைத் தோழி வசந்தமாலை கொண்டுபோய்க் கூலக்கடைத் தெருவில் கோவலனிடம் நீட்டுகிறாள். அவன் வாங்கவே இல்லை. அவள் ஆடல்மகள், இதுவும் ஆடலில் ஒரு பகுதி என்று அவளுடைய நடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி மறுத்துவிடுகிறான்.

கோவலனின் அந்தப் பேச்சு கொடியது. தன் ஐயத்துக்கு அவள் குலத்தைச் சாட்சிக்கு இழுக்கிறான். ஆனாலும் அந்தக் கடிதத்தில் ஒரு குறை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதில் வேனில் இருந்தது, நிலா இருந்தது, மன்மதன் இருந்தான். மாதவி இல்லை. யார் யாருக்கு எழுதினாலும் பொருந்தும் கடிதம் அது. தோடும் மணமும் செங்குழம்பும் எழுதியவளை மறைத்துவிட்டன.

இரண்டாவது கடிதம் மிகத் தாமதமாகப் புறப்படுகிறது. கோவலன் தன் மனைவி கண்ணகியோடு புகாரை விட்டுப் போய்விட்டான் என்று அறிந்த மாதவி, கோசிகன் என்ற அந்தணனிடம் ஓலை கொடுத்து அனுப்புகிறாள். மதுரைக்கு வெளியே கோசிகன் அவனைக் கண்டுபிடிக்கிறான். ஓலையின் மண் இலச்சினை அவள் கூந்தலால் ஒற்றியது. அதன் நெய்வாசம் அவனுக்குப் பழகியது. முத்திரையை உடனே உடைக்க மனமில்லாமல் தயங்கி, பிறகு பிரித்துப் படிக்கிறான். பூவும் நிலவும் அதில் இல்லை. அடிகளே வணங்குகிறேன், தெளிவில்லாத என் சொற்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதையும் விட்டு நற்குலத்து மனைவியோடு இரவில் நீங்கள் புறப்பட என் பிழை என்ன என்று அறியாமல் தவிக்கிறேன், இந்தத் தவிப்பைத் தீர்க்க வேண்டும் என்று முடிகிறது. அவ்வளவுதான். திரும்பி வா என்றுகூடக் கேட்கவில்லை.

படித்தவுடன் கோவலன், தவறு அவளுடையது இல்லை, என்னுடையது என்கிறான். அதே ஓலையைக் கோசிகனிடம் திருப்பிக் கொடுத்து, என் பெற்றோருக்கு நான் எழுத வேண்டியதும் இதேதான், இதையே அவர்களிடம் காட்டு என்று சொல்லி அனுப்புகிறான். ஒரு காதல் கடிதத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை தமிழில் வேறெங்கும் கிடைத்ததாக நான் அறியேன். மகன் தாய் தந்தையிடம் மன்னிப்புக் கேட்பதற்கும் அந்தச் சொற்கள் போதுமாயிருந்தன. முதல் கடிதம் கலைத்திறன். இரண்டாவதில் ஒரு பெண் கூச்சத்தோடு நிற்கிறாள். அவன் திறந்தது இரண்டாவதைத்தான். அதன்பின் அவன் மதுரைக்குள் போனதும் திரும்பாததும் எல்லோரும் அறிந்த கதை.

நான் சிறுவனாக இருந்தபோது, திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது. பக்கத்து வீட்டு அத்தைக்கு நான்தான் எழுதுவேன். மாமா பம்பாயில் வேலையாக இருந்தார். நீல இன்லாண்டு லெட்டரில் நலம், நலமறிய அவா, மழை பெய்தது, மாடு கன்று போட்டது எல்லாம் கடகடவென்று வந்துவிடும். கடைசியில் இரண்டு விரல்கடை இடம் மிஞ்சும்.

"வேற இன்னா அத்த எழுதணும்?"

"வேற இன்னா... ஒண்ணுமில்லடா."

கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"முருங்க காய்ச்சிக் கெடக்குதுன்னு எழுது. பறிக்க ஆளில்லன்னு எழுது."

அந்த வயதில் எனக்கு அது முருங்கைக்காய்ச் சேதி. அத்தை ஏன் அதைச் சொல்லும்போது மட்டும் முந்தானையை விரலில் சுற்றுகிறாள் என்று வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. எழுதுகிறவன் சின்னப் பையன். படித்துக் காட்டப்போகிறவன் பம்பாயில் யாரோ. அத்தனை பேர் கையில் அகப்படும் காகிதத்தில் ஒரு பெண் தன் மனத்தை எப்படி வைப்பாள்? மரத்தின்மேல் வைத்தாள். நெய்தல் நிலத்துத் தலைவி கடலையும் நாரையையும் காட்டிப் பேசியதும் இந்த நெருக்கடியில்தான். அத்தை வரச்சொல்லிக் கேட்கவில்லை. காய்த்துக் கிடக்கிறது என்றாள். வருவதும் வராததும் மாமாவின் கையில் இருந்தது.

எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இந்தக் கூச்சம் தப்பவில்லை. பாரதி காசியிலிருந்து 1901-ல் செல்லம்மாளுக்கு எழுதிய கடிதம் அச்சில் கிடைக்கிறது. மனைவியைக் காதலி என்றே விளிக்கிறார். அந்தக் காலத்துக் குடும்பத்தில் அது சாதாரணச் சொல்லாக இருந்திருக்காது. ஆனால் விளித்த கையோடு, கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்தால் எனக்குச் சந்தோஷம் என்று போய்விடுகிறது கடிதம். சொல்லிவிட்ட அந்த ஒரு சொல்லின் கூச்சம் தாங்காமல் அறிவுரைக்குள் நுழைந்துகொண்ட இளைஞன் எனக்கு அங்கே தெரிகிறான்.

புதுமைப்பித்தன் தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்திருக்கின்றன. கதைகளில் யாரையும் விட்டுவைக்காத அந்தப் பேனா இங்கே பணம் அனுப்ப முடியாத தவிப்பையும், உடம்பைப் பார்த்துக்கொள் என்பதையும், சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதையும் திரும்பத் திரும்ப எழுதுகிறது. சினிமா வேலையாகப் புனே வரை போய், காசநோய் முற்றி, 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவர் கதைகளை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதனை அருகில் உட்கார வைத்தவை, அச்சுக்கென்று எழுதாத இந்தக் கடிதங்கள்தான்.

கூச்சத்தை ஒரு குறையாகவே நாம் பேசி வருகிறோம். தைரியம் வேண்டும், பட்டென்று சொல்லிவிட வேண்டும் என்று நண்பர்கள் உசுப்பேற்றுகிறார்கள். பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் காதல் கடிதங்களுக்கு மாதிரிப் புத்தகம் விற்றது அதற்காகத்தான். சினிமாப் பாட்டிலிருந்து இரண்டு வரியைப் பெயர்த்துக் கடிதத்தில் நட்டதும் அதற்காகத்தான். இப்போது கைப்பேசியில் கேட்டால் இயந்திரமே எழுதிக் கொடுக்கிறது, பிழையில்லாமல், உவமையோடு. மாதவியின் முதல் கடிதத்துக்கு நேர்ந்தது இவற்றுக்கும் நேரும். வாங்குகிறவளுக்கு மொழி தெரியும். அதில் ஆள் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

கூச்சம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் அதை ஒழிக்கத் தோன்றாது. மாமல்லபுரத்துப் பாறை முன் ஒருவனுக்குக் கூச்சம் வரவில்லை, பாறை மறுக்காது. மடலேறுகிறவன் கூச்சத்தைத் துறந்துவிட்டேன் என்று தானே சொல்கிறான். அவனுக்கு அவள் சம்மதத்தைவிட ஊரின் நெருக்குதல் பெரிது. எதிரில் இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டு, அந்தச் சொல் தன்னை நொறுக்கும், ஆனாலும் அது அவருடையது என்று உள்ளூர உணர்ந்தவனுக்குத்தான் கை நடுங்குகிறது. பேனா முதல் வரியில் நின்றுவிடுவது கோழைத்தனத்தால் அன்று. இன்னொரு மனிதரின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதுபோன்ற மரியாதை அது. காதலுக்குள் அன்பு என்று ஏதாவது இருக்குமானால் அது முதலில் இந்த நடுக்கமாகத்தான் வெளியே வருகிறது. இது இல்லாமல் எத்தனை உரக்கச் சொன்னாலும் அது உரிமை கோரல்தான். இது இருந்தால் முருங்கைமரத்தைப் பற்றி எழுதினாலும் போதும்.

கடிதத்துக்கு இந்த நடுக்கம் பொருந்துவதற்கும் காரணம் இருக்கிறது. நேரில் நின்று சொல்லும்போது எதிரில் நிற்பவர் அந்தக் கணமே முகத்தில் ஏதாவது காட்டியாக வேண்டும். கடிதம் அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தனியாகப் படிக்கலாம். நாலு நாள் வைத்திருக்கலாம். பதில் எழுதாமலும் இருக்கலாம். இப்போது இரண்டு நீலக் குறி விழுந்த மறுநொடி ஏன் பதில் இல்லை என்று கேட்கிறார்களே, அது கடிதம் கொடுத்த பெரிய சுதந்திரத்தைப் பிடுங்கிக்கொள்வது.

சொல்லத் தயங்குவதற்கு அச்சமும் ஒரு காரணமாக இருக்கும் நாடு இது என்பதை மறைக்கக் கூடாது. புத்தகப் பைக்குள் ஒரு கடிதம் அகப்பட்டால் அத்தோடு படிப்பு நிறுத்தப்பட்ட பெண்கள் நம் எல்லா ஊரிலும் உண்டு. சாதி மாறிக் காதலித்தால் அந்தக் காகிதம் உயிருக்கே உலையாகிறது. 2016-ல் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த சங்கரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றதை நாம் படமாகவே பார்த்தோம். மாலை போட்டு ஒன்பது சுற்று வரும் பிள்ளை தலை குனிந்திருப்பது முழுக்கவும் வெட்கத்தால்தான் என்று யாரால் சொல்ல முடியும்? கூச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இந்த அச்சத்தை ஒழித்தாக வேண்டும். மகளின் பையில் ஒரு கடிதம் கிடைத்தால் அதைச் சாட்சிப் பொருளாக்காமல், படிக்காமல் அவளிடமே கொடுத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தக் கையெழுத்தில், சொந்தப் பேச்சில் எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். உயிரை விடுவேன் என்று எழுதாதீர்கள். ஒரு முறை கொடுங்கள், கொடுத்துவிட்டுப் பின்தொடராமல் வந்துவிடுங்கள். வேண்டாம் என்று பதில் வந்தால் மறுபடி எழுதாதீர்கள். அவர் உங்களுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.